தெரிஞ்சும் ஏன் விட முடியல? ராசி, சகுனம், அமானுஷ்யம் பத்தி ஒரு விவாதம்

வெண்கொக்கு எழுதியது:

மூடநம்பிக்கைன்னு பேச்சு எடுத்தாலே உடனே வர்ற பதில் "படிப்பு பத்தல, அதான்" அப்டிங்கறது. எனக்கு இதுல உடன்பாடு இல்ல. என்கூட வேலை பாக்கறவங்க நாள் பூரா டேட்டாவோட மல்லுக்கட்டறவங்க, புள்ளியியல கரைச்சுக் குடிச்சவங்க, அவங்கள்லயே முக்கியமான பிரசன்டேஷன்னா இந்த சட்டைதான், இன்டர்வியூன்னா இந்த பேனாதான்னு இருக்கறவங்க உண்டு. கேட்டா "அதுல ஒண்ணும் இல்லன்னு தெரியும்ங்க, எதுக்கும் இருக்கட்டுமேன்னுதான்" அப்டிம்பாங்க.

தெரியாம நம்பறவங்கள விளக்கறது சுலபம். நல்லா தெரிஞ்சும் செய்யறவங்களுக்கு மண்டைக்குள்ள என்ன நடக்குது? யாரையும் மட்டம் தட்டற இழையா இது போகக்கூடாதுன்னு நினைக்கறேன். நம்பறவங்களும் வந்து எழுதுங்க.

மலைத்தேனீ எழுதியது:

இதுக்கு எல்லாரும் முதல்ல கொண்டு வர்றது ஸ்கின்னர்ங்கற அமெரிக்க உளவியலாளரோட புறாதான், நானும் அங்கிருந்தே ஆரம்பிக்கறேன். 1948ல அவர் என்ன பண்ணாருன்னா, பசியோட இருக்கற எட்டு புறாவ கூண்டுல விட்டு, 15 செகண்டுக்கு ஒருக்கா தீனி தானா வந்துட்டுப் போற மாதிரி வச்சாரு. புறா என்ன செஞ்சாலும் வரும், சும்மா நின்னாலும் வரும். கொஞ்ச நேரத்துல எட்டுல ஆறு புறா ஆளுக்கொரு சடங்கு கண்டுபிடிச்சிருச்சு. ஒண்ணு கடிகாரம் சுத்தறதுக்கு எதிர்ப்பக்கமா ரெண்டு மூணு சுத்து சுத்துது, ஒண்ணு கூண்டோட மேல் மூலையில தலைய கொண்டுபோய் கொண்டுபோய் நீட்டுது, இன்னும் ரெண்டு உடம்ப ஊஞ்சல் மாதிரி இப்படியும் அப்படியும் ஆட்டுது. தீனி வந்த நேரத்துல தற்செயலா என்ன பண்ணிட்டிருந்துச்சோ அதையே திரும்பத் திரும்பப் பண்ணா மறுபடி தீனி வரும்ங்கற மாதிரி.

இதுல எனக்கு முக்கியமா படறது கடைசி பகுதி. பக்கத்துக்குப் பக்கம் தத்தித் தத்திக் குதிக்கப் பழகின ஒரு புறாவுக்கு தீனிய சுத்தமா நிறுத்திட்டு, அது எப்ப விடுதுன்னு பாத்தாரு. பத்தாயிரம் தடவைக்கு மேல குதிச்சுது, அதுக்கப்புறம்தான் ஓய்ஞ்சுது. எப்பவாவது ஒருக்கா பலன் வந்து பழகினது, பலன் நின்னாலும் சீக்கிரம் விடாது. ராசி சட்டையும் இதேதான்னு நான் நினைக்கறேன். எல்லா தடவையும் ஜெயிச்சிருந்தா ஒரு தடவ தோத்ததும் தூக்கிப் போட்டிருப்போம், அப்பப்ப மட்டும் ஜெயிக்கறதாலதான் அது கூடவே வருது.

அரைநிலா எழுதியது:

மலைத்தேனீ, புறா கதைய அப்படியே எடுத்துக்கறதுல ஒரு சிக்கல் இருக்குங்க. 1971ல ஸ்டாடனும் சிம்மல்ஹாகும் அதே சோதனைய இன்னும் கவனமா, புறாவோட ஒவ்வொரு அசைவையும் குறிச்சு வச்சு பண்ணிப் பாத்தாங்க. தீனி வர்ற நேரம் நெருங்க நெருங்க எல்லா புறாவும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி கொத்தற வேலையதான் செஞ்சுது, நடுவுல இருக்கற சும்மா நேரத்துலதான் சுத்தறது நடக்கறது எல்லாம். அதாவது ஒவ்வொண்ணும் தற்செயலா தனிச்சடங்கு கத்துக்கிச்சுங்கறத விட, தீனிய எதிர்பாக்கற பறவை இயல்பா என்ன செய்யுமோ அதுதான் பெரும்பாலும் நடந்துச்சுன்னு சொன்னாங்க.

மனுசங்கள வச்சு பண்ணது வேணும்னா கோய்ச்சி ஓனோ 1987ல ஜப்பான்ல பண்ணத பாருங்க. 20 காலேஜ் பசங்க, ஆளுக்கு ஒரு ரூம், மூணு லீவர், ஒரு ஸ்கோர் கவுண்டர். எவ்வளவு பாயின்ட் எடுக்க முடியுமோ எடுங்கன்னு மட்டும் சொல்லிட்டாங்க, ஆனா பாயின்ட் ஏறறதுக்கும் அவங்க செய்யறதுக்கும் சம்பந்தமே கிடையாது. சில பேரு லீவர குறிப்பிட்ட வரிசையில இழுக்கற பழக்கத்துக்குப் போயிட்டாங்க. ஒரு பொண்ணு லீவர விட்டுட்டு அங்க இங்க தொட்டுப் பாத்து, ஒரு கட்டத்துல கையில செருப்ப வச்சுக்கிட்டு எகிறி எகிறி கூரைய தொட ஆரம்பிச்சிருச்சு, களைச்சுப் போய் நிக்கற வரைக்கும். ஆனா இங்க ஒண்ணு கவனிங்க, எல்லாருக்கும் அப்படி ஆகல. கணிசமான பேருக்கு எந்த சடங்கும் ஒட்டவே இல்ல. அதனால தற்செயலா கிடைச்ச பலன் மட்டும் காரணம்னு முடிச்சிட முடியாது.

தனித்தீவு எழுதியது:

வெண்கொக்கு கேட்ட கேள்விக்கு இன்னும் யாரும் வரல. புறாவுக்கு 'இது பொய்'னு தெரியாது. தெரிஞ்சவங்க கதைக்கு பால் ரோசின் குழு 1986ல பண்ண சர்க்கரை பாட்டில் சோதனைதான் சரியா வரும்.

ரெண்டு காலி பாட்டில். கலந்துக்கிட்டவங்க கண்ணு முன்னாடியே ஒரே சர்க்கரைய ரெண்டுலயும் கொட்டறாங்க. அப்புறம் ரெண்டு லேபிள் குடுக்கறாங்க, ஒண்ணுல சர்க்கரைன்னு இருக்கு, இன்னொண்ணுல சோடியம் சயனைடுன்னு விஷத்தோட பேரு. எத எதுல ஒட்டணும்னு முடிவு பண்றதும் அவங்களே, ஒட்டறதும் அவங்களே. இப்ப அந்த ரெண்டு பாட்டில்லேந்தும் எடுத்து தண்ணியில கலந்து குடிக்கச் சொன்னா, சயனைடு லேபிள் இருக்கறத தொட தயங்கறாங்க. தான் கையால ஒட்டின லேபிள்! பின்னாடி ஒரு ஆய்வுல 'இது சயனைடு இல்ல'ன்னே எழுதி ஒட்டிப் பாத்தாங்க, அப்பவும் தயக்கம் போகல. 'இல்ல'ங்கற பகுதிய அறிவு படிக்குது, உடம்பு 'சயனைடு'ங்கறத மட்டும் பிடிச்சுக்குது.

அந்த ஆளுங்கள்ல ஒருத்தர்கிட்ட "இதுல விஷம் இருக்கா?"ன்னு கேட்டா சிரிப்பாரு. ஆனா கை போகாது. ஆக நம்பிக்கைங்கறது ஒரே இடத்துல உக்காந்திருக்கற ஒரே பொருள் இல்ல. சட்டுனு வர்ற உணர்வு ஒண்ணு இருக்கு, உக்காந்து யோசிச்சு வர்ற முடிவு ஒண்ணு இருக்கு. ரெண்டாவது முதலாவத திருத்தும்னுதான் நாம நினைக்கறோம். ஜேன் ரைசன்ங்கற உளவியல் பேராசிரியை 2016ல ஒரு கட்டுரையில சொன்னது இதுதான்: தப்ப கண்டுபிடிக்கறதும் தப்ப திருத்தறதும் வேற வேற வேலை. கண்டுபிடிச்சிட்டு, திருத்தாம, சரி போகட்டும்னு விட்டுக்குடுத்துடறோம். "எதுக்கும் இருக்கட்டுமே"ங்கறது அந்த விட்டுக்குடுக்கறதுதான்.

வெண்கொக்கு எழுதியது:

தனித்தீவு, இதத்தான் தேடிட்டிருந்தேன். நன்றிங்க. ஆனா ஏன் விட்டுக்குடுக்கறோம்? மத்த விஷயத்துல அறிவு சொன்னா கேக்கறோமே.

தனித்தீவு எழுதியது:

செலவுக் கணக்குதான்னு நினைக்கறேன். ராசி பேனாவ எடுத்துட்டுப் போறதுல நஷ்டம் ஒண்ணும் இல்ல. எடுக்காம போய் காரியம் கெட்டுச்சுன்னா? பேனா காரணம் இல்லன்னு தெரிஞ்சாலும் "எடுத்துட்டுப் போயிருக்கலாமோ"ன்னு உள்ள ஒரு குரல் அரிச்சுக்கிட்டே இருக்கும். அந்த வருத்தத்த முன்கூட்டியே கற்பனை பண்ணிப் பாத்துடறோம்.

ரைசனும் கிலோவிச்சும் 2008ல இத வேற பக்கமா காட்டினாங்க. ஒரு பையன் பெரிய யுனிவர்சிட்டிக்கு அப்ளை பண்ணிட்டு காத்திருக்கான், அம்மா அந்த யுனிவர்சிட்டி பேர் போட்ட டிஷர்ட்ட வாங்கி அனுப்பறாங்க. ரிசல்ட் வர்றதுக்கு முன்னாடியே அத போட்டுக்கிட்டா சீட் கிடைக்க வாய்ப்பு எப்படின்னு கேட்டா, போடாம பொட்டிக்குள்ள வச்சிருக்கறவனுக்கு அதிகம், போட்டுக்கிட்டவனுக்கு கம்மின்னு மதிப்பு போடறாங்க. டிஷர்ட்டுக்கும் அட்மிஷன் ஆபீசுக்கும் என்ன சம்பந்தம்? ஒண்ணுமில்ல. ஆனா போட்டுக்கிட்டு சுத்தினவனுக்கு சீட் கிடைக்காம போற காட்சி மனசுல பளிச்சுனு வந்து நிக்குது, எது சுலபமா மனசுல வருதோ அது நடக்கற மாதிரியே தோணிடுது. "வாய வச்சிட்டியா"ன்னு நாம கேக்கறதும் இதே வேலைதான்.

சாம்பல்நிறம் எழுதியது:

இவ்வளவு விளக்கம் தேவையாங்க? பொய்ய பொய்யின்னு மூஞ்சிக்கு நேரா சொல்லணும். காக்கா உக்கார பனம்பழம் விழுந்த கதைய வச்சு ஊர ஏமாத்தறவன் ஒருத்தன், ஏமாறறவன் ஒருத்தன். இதுக்கு உளவியல்னு பேர் வச்சு தடவிக் குடுத்தா அது எப்படி ஒழியும்? எங்க குடும்பத்துல ஒருத்தருக்கு வந்த கட்டிய டாக்டர்கிட்ட காட்டாம மாசக்கணக்கா பரிகாரம் பரிகாரம்னு அலைஞ்சு, கடைசியில முத்திப் போய்தான் காட்டினாங்க. எனக்கு இதுல பொறுமையா பேச முடியல.

மலைத்தேனீ எழுதியது:

சாம்பல்நிறம், உங்க கோவம் நியாயம், அதுல ஒரு வார்த்தை மறுத்துப் பேச மாட்டேன். ஆனா எந்த மனநிலையில ஒருத்தர் பரிகாரத்துக்கு ஓடறாருன்னு தெரியாம அவர தடுக்க முடியாதுன்னு நினைக்கறேன்.

மாலினோவ்ஸ்கின்னு ஒரு மானிடவியலாளர், முதல் உலகப்போர் காலத்துல பசிபிக்ல ட்ரோப்ரியாண்ட் தீவுகள்ல தங்கி எழுதினாரு. அங்க கரையோரமா அலை இல்லாம இருக்கற உள்கழியில மீன் பிடிக்கறது ஆபத்து இல்லாத, நிச்சயமா மீன் கிடைக்கற வேலை, அதுக்கு மந்திரம் கிந்திரம் எதுவும் கிடையாது. அதே ஆளுங்க ஆழ்கடலுக்குப் போனா, உயிர் போகலாம், மீன் கிடைக்காமலும் போகலாம்ங்கற இடத்துல, ஏகப்பட்ட சடங்கு. அவங்க முட்டாளுங்களா இருந்தா ரெண்டு இடத்துலயும் மந்திரம் சொல்லியிருக்கணும் இல்லையா. கைத்திறமை போதும்ங்கற இடத்துல திறமைய நம்பினாங்க, திறமை எட்டாத இடத்துலதான் சடங்கு வந்துச்சு.

1991 வளைகுடா போரப்ப இஸ்ரேல்ல ஏவுகணை விழுந்துட்டிருந்த நேரத்துல ஜியோரா கெய்னன் ஒரு ஆய்வு பண்ணாரு. ஏவுகணை விழற ஊர்கள்ல இருந்தவங்ககிட்ட மாயாஜால சிந்தனை அதிகமா இருந்துச்சு, விழாத ஊர்க்காரங்ககிட்ட கம்மி. அதுலயும் நிச்சயமில்லாம இருக்கறத தாங்க முடியாத சுபாவம் உள்ளவங்ககிட்ட இன்னும் அதிகம். கட்டி வந்து, அது என்ன கட்டின்னு தெரியாம ராத்திரி முழிச்சுக் கிடக்கறவர் இருக்கறது அந்த ஏவுகணை விழற ஊர்லதாங்க.

அரைநிலா எழுதியது:

இங்க ஒரு எச்சரிக்கை சேத்துக்கறேன், ஏன்னா இந்தத் துறையில சுவாரசியமான முடிவு எல்லாம் வேகமா பரவிடுது. கட்டுப்பாடு இழந்த உணர்வ லேபுக்குள்ள உண்டாக்கினா வெறும் புள்ளிக்கூட்டத்துல கூட உருவம் தெரியும்னு விட்சன், கலின்ஸ்கி 2008ல சயன்ஸ் இதழ்ல போட்டாங்க, எல்லா இடத்துலயும் மேற்கோள் காட்டறாங்க. 2018ல வான் எல்க்கும் லோடரும் பல சோதனையா அத திரும்ப பண்ணிப் பாத்தப்ப அந்த விளைவு வரல. நிஜ வாழ்க்கையோட பயமும் லேபுல பத்து நிமிஷம் உண்டாக்கற சங்கடமும் ஒண்ணு இல்லைங்கறது என் கருத்து.

அதே மாதிரிதான் ராசி பந்து. 2010ல ஜெர்மனியில "இது ராசியான பந்து"ன்னு சொல்லி கோல்ஃப் பந்த குடுத்தா அதிகமா குழியில போடறாங்கன்னு வந்துச்சு. 2014ல அமெரிக்காவுல இன்னும் நிறைய ஆளுங்கள வச்சு ரெண்டு தடவ பண்ணிப் பாத்தாங்க, வித்தியாசமே இல்ல. "நம்பினா பலிக்கும்னு அறிவியலே சொல்லுது"ன்னு யாராவது அந்த பந்தக் காட்டினா தயவுசெஞ்சு இதையும் சொல்லுங்க.

கூழாங்கல் எழுதியது:

நான் சடங்கு பக்கம் நின்னு கொஞ்சம் பேசறேன். மேடை ஏறறதுக்கு முன்னாடி எனக்குன்னு ஒரு வரிசை உண்டு, அத செஞ்சாதான் குரல் நடுங்காம வரும். இது வீண்னு நான் நினைக்கல.

2016ல அலிசன் வுட் ப்ரூக்ஸும் கூட இருந்தவங்களும் பண்ண ஆய்வுல, அடுத்தவங்க முன்னாடி பாடப் போறவங்கள ஒரு சடங்கு செய்யச் சொன்னாங்க: இப்ப மனசு எப்படி இருக்குன்னு ஒரு படம் வரை, அது மேல உப்பத் தூவு, சத்தமா அஞ்சு வரைக்கும் எண்ணு, பேப்பர கசக்கு, குப்பையில போடு. அவ்வளவுதான். செஞ்சவங்களுக்கு படபடப்பு குறைஞ்சுது, சுதி சேந்து பாடினாங்க. இதையே 'சும்மா சில செயல்கள்'னு சொல்லி செய்ய வச்சா பலன் இல்ல, 'சடங்கு'ன்னு சொன்னாதான் பலன். யாரோட நம்பிக்கைக்கும் சம்பந்தமில்லாம லேபுல புதுசா உண்டாக்கின சடங்கு இது. அதனால நான் எடுத்துக்கறது, சடங்கு வெளிய இருக்கற உலகத்த மாத்தாது, உள்ள இருக்கற நடுக்கத்த குறைக்கும், நடுக்கம்தான் பிரச்சனைங்கற வேலைகள்ல அது உதவும்.

மலைத்தேனீ எழுதியது:

கூழாங்கல் சொன்ன பிரிவு ரொம்ப சரி. பாட்டு நடுக்கத்தால கெடும், அதனால நடுக்கம் குறைஞ்சா பாட்டு சரியாகும். லாட்டரியும் கட்டியும் நடுக்கத்தால வர்றது இல்ல.

இரவல்வெளிச்சம் எழுதியது:

இவ்வளவு நேரம் படிச்சிட்டு மட்டும் இருந்தேன். நீங்க ராசி பேனா பத்தி பேசறீங்க, எனக்கு நடந்தது வேற. தூக்கத்துல முழிப்பு வருது, கண்ணு திறந்திருக்கு, ரூம் அப்படியே தெரியுது, ஆனா கை கால அசைக்க முடியல, நெஞ்சு மேல யாரோ உக்காந்த மாதிரி பாரம், கதவுகிட்ட ஒரு ஆளு நிக்கறது தெரியுது. கனவு இல்ல, நான் முழிச்சிருந்தேன். இத வீட்ல சொன்னா பேய்னாங்க, நண்பர்கள்கிட்ட சொன்னா கிண்டல் பண்ணாங்க. ரெண்டு பேரும் நான் பாத்தத முழுசா கேக்கவே இல்ல. நீங்களாவது கேளுங்க.

தனித்தீவு எழுதியது:

இரவல்வெளிச்சம், நீங்க பாத்தது பொய் இல்ல, கற்பனைன்னு ஒதுக்கவும் முடியாது. பேய் அமுக்குதுன்னு சொல்வோமே, மருத்துவத்துல தூக்க வாதம்னு சொல்றது. கனவு வர்ற தூக்கத்துல நாம கனவுக்கு ஏத்த மாதிரி எழுந்து ஓடாம இருக்க மூளை தசைகள தளர்த்தி கட்டிப் போட்டுடும். சில நேரம் விழிப்பு முதல்ல வந்துடுது, கட்டு அவிழ லேட்டாகுது. அப்ப கண்ணு திறந்திருக்கும், ரூம் நிஜமா தெரியும், கனவோட மிச்சமும் அதே ரூமுக்குள்ள ஓடும். மூச்ச இழுத்து விடற தசைகள்ல சிலதும் அந்தக் கட்டுல இருக்கறதால வேணும்னு ஆழமா இழுக்க முடியாது, அதுதான் நெஞ்சுல பாரம். பல நாட்டுல, ஒருத்தர ஒருத்தர் பாக்காத மக்கள், நெஞ்சுல உக்காந்த உருவத்தப் பத்தி பேசியிருக்காங்க. அனுபவம் பொதுவானது, அந்த உருவத்துக்கு வைக்கற பேர்தான் மாறுது.

"பக்கத்துல யாரோ இருக்காங்க"ங்கற உணர்வ தனியா உண்டாக்கியே பாத்திருக்காங்க. 2006ல சுவிட்சர்லாந்துல ஒலாஃப் பிளாங்கே குழு, வலிப்பு நோய்க்காக பரிசோதனையில இருந்த 22 வயசு பொண்ணோட மூளையில, இடது பக்கம் நெற்றிப்பொட்டுக்குப் பின்னால காதுக்கு மேல இருக்கற பகுதிய மின்சாரத்தால லேசா தூண்டினாங்க. உடனே தன் பின்னாடி ஒரு நிழல் ஆள் இருக்கறதா சொன்னாங்க. அவங்க படுத்தா அந்த ஆளும் படுத்திருக்கான், உக்காந்து முழங்காலக் கட்டிக்கிட்டா அவன் தன்னக் கட்டிப்பிடிக்கறான், அது பிடிக்கலன்னாங்க. கையில அட்டை குடுத்து படிக்கச் சொன்னப்ப அவன் அத பிடுங்கப் பாக்கறான்னாங்க. அந்தப் பகுதி நம்ம உடம்பு எங்க இருக்குன்னு கணக்கு வச்சுக்கற இடம். கணக்கு பிசகினா நம்ம உடம்போட சாயலே வேற ஆளா வந்து நிக்குது.

தூக்கம் கெட்டுப் போன நாட்கள்ல, மல்லாந்து படுக்கறப்ப இது வர்றது அதிகம்னு சொல்றாங்க. நேரத்துக்கு தூங்கிப் பாருங்க, அடிக்கடி வந்தா தூக்க மருத்துவர்கிட்ட போங்க, இதுக்கு வெக்கப்பட ஒண்ணும் இல்ல.

அரைநிலா எழுதியது:

இதோட சேத்து ஒரு உயிர் காக்கற தகவல். 1921ல வில்மர்ங்கற அமெரிக்க கண் மருத்துவர் ஒரு குடும்பத்தோட கதைய மருத்துவ இதழ்ல வெளியிட்டாரு. பழைய வீட்டுக்குக் குடி போனாங்க, தலைவலி, சோர்வு, ராத்திரியில காலடி சத்தம், உருவங்கள், யாரோ தொடர்ந்து வர்ற உணர்வு, வீட்ல வச்ச செடியெல்லாம் வாடுது. கடைசியில பாத்தா வீட்ட சூடாக்கற உலை பழுதாகி, புகை வெளிய போகாம கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள்ளயே பரவிட்டிருந்திருக்கு. அந்த வாயுவுக்கு நிறமும் இல்ல வாசனையும் இல்ல. ஒரே வீட்ல எல்லாருக்கும் ஒரே நேரத்துல தலைவலியும் விசித்திர அனுபவமும் வந்தா முதல்ல ஜன்னல திறந்துட்டு வெளிய வாங்க, அப்புறம் எரியற சாதனங்கள சோதிக்கச் சொல்லுங்க.

இரவல்வெளிச்சம் எழுதியது:

கிண்டல் இல்லாம பதில் சொன்னதுக்கே நன்றி. நிழல் ஆள் நம்ம உடம்போட சாயல்தான்னு படிச்சப்ப ஏதோ இறங்கின மாதிரி இருந்துச்சு. கதவுகிட்ட நின்ன ஆளும் அசையாமதான் நின்னான். நானும் அசையாமதான் கிடந்தேன்.

வெண்கொக்கு எழுதியது:

எல்லாத்தையும் படிச்சப்புறம் எனக்கு ஒரு இடம் தெளிவாகுது, அத விரிவா எழுதணும்.

எந்த ராசி நம்பிக்கைய எடுத்தாலும் நாலு கட்டம் இருக்கு. செஞ்சோம் நடந்துச்சு, செஞ்சோம் நடக்கல, செய்யல நடந்துச்சு, செய்யல நடக்கவும் இல்ல. ராசி உண்மையா பொய்யான்னு சொல்ல நாலும் வேணும். ஆனா நம்ம கையில இருக்கறது பெரும்பாலும் முதல் கட்டம் மட்டும்தான். ரெண்டாவது வந்தா சரியா செய்யலன்னு கழிச்சிடறோம். மூணாவதும் நாலாவதும் நம்மகிட்ட கிடையவே கிடையாது, ஏன்னா செய்யாம இருந்து பாக்க தைரியம் வரல. தனித்தீவு சொன்ன செலவுக் கணக்கும் மலைத்தேனீ சொன்ன பயமும் இங்கதான் வந்து சேருது: பயம் அதிகமாக அதிகமாக 'செய்யாம இருக்கற' கட்டம் காலியாவே கிடக்குது, அது காலியா கிடக்கற வரைக்கும் நம்பிக்கை தப்புன்னு காட்ட ஒண்ணுமே இல்ல. படிச்சவருக்கும் அதே காலி கட்டம்தான். படிப்பு அந்தக் கட்டத்த நிரப்பித் தர்றது இல்ல.

பிரான்சிஸ் பேகன் 1620லயே இத எழுதி வச்சிருக்காரு. கோயில்ல வேண்டிக்கிட்டு கப்பல் விபத்துலேந்து தப்பிச்சவங்களோட படங்கள ஒருத்தருக்கு காட்டி, இப்பவாவது தெய்வ சக்திய ஒத்துக்கறியான்னு கேட்டப்ப, வேண்டிக்கிட்டும் மூழ்கிப் போனவங்க படம் எங்கன்னு அவர் திருப்பிக் கேட்டாராம். மூழ்கினவங்க வந்து படம் மாட்ட முடியாதே.

ஸ்பெயின்ல ஹெலெனா மட்டூட் குழு இத கம்ப்யூட்டர்ல சோதிச்சாங்க. இல்லாத ஒரு நோய், இல்லாத ஒரு மருந்து, நோயாளிங்க ஒவ்வொருத்தரா வர்றாங்க. மருந்து எடுத்தவங்களும் எடுக்காதவங்களும் ஒரே விகிதத்துலதான் குணமாறாங்க, ஆனா தானா குணமாறவங்க அதிகமா இருந்து மருந்தும் நிறைய பேருக்கு குடுத்திருந்தா, பாக்கறவங்க மருந்து வேலை செய்யுதுன்னு உறுதியா சொல்றாங்க. தானா சரியாகற காய்ச்சல், தலைவலிக்கெல்லாம் ஏன் எந்த வைத்தியமும் பலிக்குதுன்னு இதுல விடை இருக்கு.

அவங்களோட சேந்தவங்க 2013ல வெளியிட்ட இன்னொரு ஆய்வுதான் எனக்கு நம்பிக்கை தருது. பள்ளிப் பசங்ககிட்ட ஒரு சின்ன உலோகத் துண்ட, உடம்புக்கும் மூளைக்கும் பலம் தர்ற அற்புதப் பொருள்னு விளம்பரம் பண்ணி, கையில குடுத்து சோதனையெல்லாம் செய்ய வச்சாங்க. நிறைய பேரு நம்பிட்டாங்க. அப்புறம் உண்மைய சொல்லி, உலோகம் இல்லாம அதே சோதனைய செஞ்சு பாத்திருந்தாதானே தெரியும்னு விளக்கினாங்க. அதுக்கப்புறம் அந்த மருந்து விளையாட்ட குடுத்தப்ப, அந்தப் பசங்க 'மருந்து குடுக்காம விட்டா என்ன ஆகுது'ன்னும் பாத்தாங்க, மாயை கணிசமா குறைஞ்சுது. யாரையும் முட்டாள்னு சொல்லல, காலி கட்டத்த நிரப்பச் சொல்லிக் குடுத்தாங்க, அவ்வளவுதான்.

பெயர்வேண்டாம் எழுதியது:

வெண்கொக்கு, நீங்க சொன்ன காலி கட்டம்தான் என் சிகிச்சையே. எனக்கு ஓசிடி இருக்கு, அதாவது வேண்டாத நினைப்பு விடாம வந்து, ஒரே செயல திரும்பத் திரும்பச் செய்ய வைக்கற மனநோய். கெட்ட நினைப்பு வந்தா அது நடந்துடும், நடக்காம இருக்க குறிப்பிட்ட எண்ணிக்கையில தொடணும். மனசுல நினைக்கறதும் நடக்கறதும் ஒண்ணுன்னு தோணறதுக்கு உளவியல்ல தனிப் பேரே உண்டு. ராசி பேனா வச்சிருக்கறவங்களும் நானும் ஒண்ணு இல்லைங்க, அவங்க பேனா இல்லாட்டியும் கொஞ்சம் சங்கடப்பட்டுட்டு போயிடுவாங்க, எனக்கு அது நாளையே தின்னுடும். இத மூடநம்பிக்கைன்னு நினைச்சு வருஷக்கணக்கா யாரும் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகல.

சிகிச்சையில பயத்த வர விட்டு, தொடாம உக்காந்திருக்கணும். 1966ல விக்டர் மேயர் தொடங்கி வச்ச முறைன்னு சொன்னாங்க. முதல்ல செத்துடுவோம்னு இருக்கும். பயம் ஏறும், ஏறி நிக்கும், அப்புறம் தானா இறங்கும், எதுவும் நடந்திருக்காது. இத பேசிப் புரிய வைக்க முடியாது, எனக்கு எல்லா வாதமும் முன்னாடியே தெரியும். உடம்பு இருந்து பாத்தாதான் ஒத்துக்குது. இப்படி இருக்கறவங்க யாராவது இத படிச்சா, பயிற்சி எடுத்த சிகிச்சையாளரோட துணையில பண்ணுங்க, தனியா வேண்டாம்.

சாம்பல்நிறம் எழுதியது:

பெயர்வேண்டாம், எழுதினதுக்கு நன்றி. இத படிச்சதும் என் மனசுல இருக்கற கேள்விய நேரா கேக்கறேன். நான் சொன்ன அந்த சொந்தக்காரரோட மனைவிக்கும் இப்ப ஒரு பிரச்சனை, மறுபடி பரிகாரம் பக்கமே பேச்சு போகுது. செய்யாம இருந்து பாருங்கன்னு பயத்துல இருக்கறவங்ககிட்ட எப்படி சொல்றது? அதோட, ஒருத்தர் ராசியில்லாததாலதான் இதெல்லாம்னு வீட்டுக்குள்ளயே ஒரு ஆள காட்டறாங்க. இது எனக்கு இன்னும் ஆத்திரமா இருக்கு.

கூழாங்கல் எழுதியது:

ரெண்டாவத முதல்ல சொல்லிடறேன். தன் நிம்மதிக்கு ஒருத்தர் செய்யற சடங்கையும் இன்னொருத்தர ராசியில்லாதவர்னு ஒதுக்கறதையும் ஒரே தட்டுல வைக்கவே முடியாது. அங்க பயம் ஒருத்தருக்கு, தண்டனை இன்னொருத்தருக்கு. அந்த இடத்துல நீங்க மூஞ்சிக்கு நேராவே பேசலாம், எல்லார் முன்னாடியும், அந்த ஆள் பக்கத்துல உக்காந்துக்கிட்டு.

முதல் கேள்விக்கு, நான் ஆஸ்பத்திரி வார்டுல வேலை பாக்கறதால தினம் பாக்கறத சொல்றேன். "அதெல்லாம் பொய்"னு ஆரம்பிச்ச டாக்டர்கிட்ட அடுத்த தடவ அவங்க வர்றதே இல்ல. பரிகாரம் பத்தி வாயே திறக்காதீங்க. விடுங்கன்னு சொன்னா ரெண்டுல ஒண்ண தேர்ந்தெடுக்கச் சொல்ற மாதிரி ஆயிடும், பயத்துல இருக்கறவங்க பழகினதத்தான் தேர்ந்தெடுப்பாங்க. ஸ்கேன் எந்த நாள்ங்கறத மட்டும் பேசுங்க. நாள் நல்லா இல்லன்னா எந்த நாள் நல்லாருக்குன்னு அவங்களையே கேளுங்க, இந்த வாரத்துக்குள்ள ஒரு நாள் வாங்கிடுங்க. டோக்கன் நீங்க போட்டு வைங்க, வண்டி நீங்க ஏற்பாடு பண்ணுங்க, கூடவே போய் உக்காருங்க. ரிசல்ட் வாங்கறப்பவும் கூட இருங்க, ஏன்னா பிரச்சனை என்னன்னு தெரிஞ்ச பிறகு பயத்துக்கு ஒரு உருவம் வந்துடும், அடுத்த அடி என்னன்னு டாக்டர் சொல்லிடுவாரு, அப்ப பரிகாரத்தோட பிடி அவங்களுக்கே தளரும். தளரலன்னாலும் மருந்து ஓடிட்டிருக்கும்.

சாம்பல்நிறம் எழுதியது:

சரிங்க. நாளைக்கு காலையிலயே அவங்ககிட்ட எந்த நாள் தோதுப்படும்னு கேக்கறேன். ராசி பேச்சு எடுத்தவங்ககிட்ட இன்னைக்கு ராத்திரியே பேசிடறேன்.